மூன்றாவது இழுப்பறை

பிப்ரவரி 25, திங்கள்

பழைய நோட்டு பொங்கலோடு தீர்ந்துவிட்டது. ஒரு மாதம் எழுதாமல் இருந்து பார்த்தேன். என்னால் பேசாமல் இருக்க முடிகிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை. அருள்விழி காலேஜ் ஸ்டோரில் இந்த நோட்டை வாங்கி வந்து, "எழுதும்மா, இல்லன்னா என் உயிர எடுப்ப" என்றாள். பத்தொன்பது வயது. வாய் மட்டும் அப்படியே அவள் அப்பாவுடையது.

இன்று என் முதலாளி முசியே தான் எழுதிய வாசனைச் சீட்டில் மறுபடி மூன்று வரி அடித்தார். முப்பத்தொன்பதாவது முயற்சியும் குப்பைக்குப் போனது. நான்கு வருடமாக எனக்கு இதுதான் வேலை. அவர் எழுதுவார், நான் எடை போட்டுக் கலப்பேன், அவர் முகர்வார், நான் பாட்டில் கழுவுவேன். "சென்ட்டு கம்பெனியிலதான வேல, ஓசில ஒரு பாட்டில் குடேன்" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கம்பெனி எங்கே இருக்கிறது? வாய்க்கால் ஓரத்து வீட்டு மாடியில் ஒரு அறை. படிப்படியாக அடுக்கிய நானூறு பாட்டில், ஒரு பழைய பித்தளைத் தராசு, எழுபத்தொரு வயது முசியே கஸ்தோன் அல்பரே, அப்புறம் நான்.

பிரான்சில் வாசனைத் தைலத்துக்குப் பேர்போன கிராஸ் ஊர்க்காரர் அவர். பதினாறு வயதில் பாட்டில் கழுவச் சேர்ந்து, முப்பது வயதில் பாரீசில் பெரிய ஆளாகிவிட்டார். அப்போதெல்லாம் ஒரு வாசனைக்கு நூற்றெண்பது சாமான் போடுவாராம். "அத்தனையும் பயம், மங்கா. ஒவ்வொரு சாமானும் ஒரு பயம்" என்பார். மங்கையர்க்கரசி அவர் வாயில் நுழையாது. பிறகு இருபது வருடம் சோப்புத் தூளுக்கு வாசனை செய்து அலுத்துப்போய், ஒன்பது வருடம் முன்பு புதுச்சேரிக்கு வந்துவிட்டார். என்னோடு பிரெஞ்சில்தான் பேசுவார், இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவருடைய தமிழ் மீன்காரம்மாவிடம் கற்றது. கலெக்டர் வந்தாலும் "இன்னாபா" என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது பதினாறு சாமானுக்கு மேல் போக மாட்டார். எழுதும்போது எதையும் முகர மாட்டார். மேசையில் பென்சிலும் தாளும் மட்டும். மளிகைச் சீட்டு எழுதுவது போல எழுதி என்னிடம் நீட்டுவார். நான் கலந்து மூடி வைத்ததை அன்றைக்குத் தொட மாட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, காபிகூடக் குடிக்காமல், காகிதப் பட்டையில் தொட்டு முகர்வார். அப்புறம் வரி வரியாக அடிப்பார். ஒன்றை எடுத்தும் குறை தெரியவில்லை என்றால் அது முதலிலேயே இருந்திருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். பிடித்துவிட்டால் என்னிடம் நீட்டி, "இது எத்தனை மணி?" என்பார். நான் மணி சொல்ல வேண்டும். யோசிக்காமல் சொல்ல முடிந்தால் வாசனைக்கு உயிர் இருக்கிறதாம். நான்கு வருடத்தில் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறார்.

இரண்டு வருடமாக அவர் தேடுவது ஒன்றே ஒன்று. மல்லிகைதான், ஆனால் பூவின் வாசனை இல்லை. ஒரு பெண் இப்போதுதான் எழுந்து போன அறையின் வாசனை. அவருடைய பழைய மாணவி கிளேர் பாரீசில் சின்னதாக ஒரு வாசனைக் கடை நடத்துகிறாள், அவளுக்காக. இதுதான் என் கடைசி என்று அவளுக்கு எழுதியிருக்கிறார்.

எனக்கு வேறு சட்டங்கள். அறைக்குள் பூ கூடாது, தேங்காயெண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, சூடம் காட்டிய கையோடு வரக் கூடாது. பூ எனக்கு எப்படியும் கிடையாது. என் வீட்டுக்காரர் சம்பந்தம் போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டுச் சட்டமும் வேலைச் சட்டமும் ஒன்றாகப் பொருந்திவிட்டதால் யாரும் எதுவும் கேட்பதில்லை. வசதிதான்.

மார்ச் 1, வெள்ளி

காலையில் நாற்பத்தொன்றாவது கலவை. பதினாறு வரி. தொண்டைக் கரகரப்பு, மிளகு ரசம் வைக்க வேண்டும்.

தராசுக் கம்பெனியிலிருந்து தராசு பார்க்கும் கலிவரதன் வந்தார். மாதத்தின் முதல் வெள்ளி அவர் முறை. அந்தப் பித்தளைத் தராசு முசியேவின் முதல் முதலாளி கொடுத்தது. பக்கத்திலேயே கம்ப்யூட்டர் தராசு இருந்தாலும் கடைசி எடை இதில்தான். கலிவரதன் பெரிய மார்க்கெட்டில் பாதித் தராசுக்கு வைத்தியம் பார்க்கிறவர். புளிக்கடை, வெல்ல மண்டி, மஞ்சள் மண்டி எல்லாம் சுற்றிவிட்டுத்தான் இங்கே வருவார். நாற்பத்தெட்டு வயது. மனைவி தவறி எட்டு வருடம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே சொன்னார். நான் கேட்டுத்தான் சொன்னார், ஆனால் நான் சும்மா பேச்சுக்குக் கேட்டது.

கிளம்பும்போது வாழையிலைப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்தார். இலையெல்லாம் அவர் கை பட்டு எண்ணெய்க் கறை.

"இன்னாங்க இது?"

"மல்லி. ஒரு முழம். சாமி படத்துக்கு."

"எந்த சாமிக்கு?"

"ஒங்க வீட்ல எந்த சாமி இருக்கோ, அந்த சாமிக்கு."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் படியில் முசியேவின் செருப்புச் சத்தம். அறைக்குள் பூவா! கொன்றே போடுவார். கைக்கு எட்டிய மூன்றாவது இழுப்பறையில் தள்ளி மூடினேன். பொட்டலம் உள்ளே பிரிந்துகொண்டது. சாயந்திரம் ஐந்துக்கு எடுத்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்து, சம்பந்தம் படத்துக்குப் போட்டேன். முழுவதும் போட்டேன். கொஞ்சம் மீதி இருந்தது, அதை வீணாக்குவானேன். அருள்விழி வர ஏழு மணி ஆகும், அதற்குள் எடுத்துவிட்டேன்.

மார்ச் 2, சனி

தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். ஆறு மணிக்குப் பட்டையை நாற்பத்தொன்றில் தொட்டு நீட்டினேன். முசியே முகர்ந்தார். இன்னொரு பட்டை கேட்டார். மூன்றாவதும் கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"போய்விட்டாள். இந்த நிமிஷம்தான். நாற்காலி இன்னும் சூடாக இருக்கிறது."

பட்டையை என்னிடம் நீட்டி, "எத்தனை மணி?" என்றார்.

"சாயந்திரம் ஆறே கால்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"கூடவே ஒரு சாவி இருக்கிறது பார். இரும்பு. போகும்போது பூட்டிவிட்டுப் போகிறாள். ஒன்பதாவது வரியை நேற்று மாற்றினேனே, அதுதான் செய்திருக்க வேண்டும்." எழுந்து என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். எழுபத்தொரு வயது மனிதர் குதிக்கிறார்! போய் இறால் வாங்கி வந்து எனக்கும் பாதி கொடுத்தனுப்பினார். அருள்விழிக்கு வறுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 4, திங்கள்

மூன்றாவது இழுப்பறையைத் திறந்தேன். மூடினேன்.

மார்ச் 5, செவ்வாய்

எழுதித் தீர்த்துவிடுகிறேன். காகிதப் பட்டைக் கட்டு இருப்பது மூன்றாவது இழுப்பறையில். எடுத்துக் கொடுப்பது எப்போதும் நான்தான், அவர் அந்தப் பக்கம் வரவே மாட்டார். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அந்தப் பட்டைகள் கலிவரதன் பூவோடு அடைந்து கிடந்திருக்கின்றன. காகிதம் வாசனையைக் குடிக்கும். குடிப்பதற்காகவே செய்த காகிதம் அது. நேற்று எதிலும் தொடாத வெறும் பட்டையை எடுத்து முகர்ந்தேன். ஆறே கால் மணி.

நாற்பத்தொன்றில் அந்தப் பெண் இல்லை. இழுப்பறையில்தான் இருந்தாள்.

"முசியே, பட்டையோடு பூவை வைத்துவிட்டேன்." சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அடுத்த கேள்வி, பூ ஏது என்பது. கலிவரதன் கொடுத்தார் என்றால், ஏன் கொடுத்தார் என்பது. இந்த ஊர் எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும்.

அவர் விசில் அடித்துக்கொண்டு கிளேருக்குக் கடிதம் எழுதுகிறார். நான் பட்டைக் கட்டை எடுத்துப்போய்க் கொல்லையில் கொளுத்தினேன். இழுப்பறையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுக் கட்டைப் பிரித்து வைத்தேன். அருள்விழிக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, கஷாயம் வைத்தேன்.

மார்ச் 6, புதன்

நாற்பத்தொன்று பாரீசுக்குப் போய்விட்டது. சரி என்று சொல்லிவிட்ட வாசனையை அவர் திரும்ப முகர மாட்டார், அது அவர் வழக்கம். தபாலில் போட்ட கடிதத்தைப் பிரித்துப் படிப்பது மாதிரியாம் அது. இன்று முகர்ந்திருந்தால் தப்பித்திருப்பார். பொட்டலம் கட்டியது நான். விலாசம் எழுதியதும் நான். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கூரியர்க்காரர் சொன்னார்.

மார்ச் 19, செவ்வாய்

கிளேர் எழுதிவிட்டாள். முசியே சத்தமாகப் படித்துக் காட்டினார். "சுத்தமாக, அழகாக இருக்கிறது, ஆசிரியரே. ஆனால் நீங்கள் எழுதிய அந்தப் பெண்ணை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த அறையில் யாருமே இருந்ததில்லை போலிருக்கிறது."

வழக்கத்தை மீறி, மீதி இருந்த நாற்பத்தொன்றை எடுத்து வரச் சொன்னார். புதுப் பட்டையில் தொட்டுக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முகர்ந்தார்.

"அவள் சொல்வது சரி. யாருமே இல்லை" என்றார்.

மார்ச் 20, புதன்

தராசுக் கம்பெனிக்கு போன் செய்து, அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். "அவர் ரொம்பப் பேசறாருங்க" என்றேன்.

மாதத்துக்குப் பத்து வாக்கியம் பேசுகிற மனிதர். என் வாய்க்கு நல்ல வார்த்தையே வராது போலிருக்கிறது. பூ கொடுத்தது அவர் தப்பா? இழுப்பறையில் போட்டது யார் கை? ஆனால் யாரையாவது திட்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருந்தது. மூச்சும் வரவில்லை.

மார்ச் 27, புதன்

முசியே ஒரு வாரமாக எதுவும் எழுதவில்லை. இன்று நாற்பது பாட்டிலின் சீட்டை மறைத்து வைத்து ஒவ்வொன்றாக நீட்டச் சொன்னார். நாற்பதும் சரி. கண்ணை மூடிக்கொண்டு, எந்த வருடத்துச் சரக்கு என்பது வரை சொன்னார். நான் ஒரு பைத்தியம், கை தட்டினேன்.

"எதற்குத் தட்டுகிறாய்? இருப்பதைச் சொல்வது பெரிய விஷயமா? இல்லாத ஒருத்தியை முகர்ந்தது இந்த மூக்கு. செத்துப்போன மூக்கு பரவாயில்லை, மங்கா. பொய் சொல்கிற மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

பிறகு அந்தத் தராசைக் கொடுத்த முதலாளி கதையைச் சொன்னார். வயதான காலத்தில் அவருக்கு எதை முகர்ந்தாலும் புகை வாசம் வந்ததாம். கம்பெனியில் யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவர் எழுதிக் கொடுப்பதைக் குப்பையில் போட்டுவிட்டு, அவருக்குப் பிடிக்கிற மாதிரி எதையோ கலந்து கொடுத்து, ஆகா ஓகோ என்றார்களாம். கலந்து கொடுத்தது இருபத்திரண்டு வயது கஸ்தோன். "அவர் சிரித்துக்கொண்டே செத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது."

என் கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டார். "நீ எனக்கு அப்படிச் செய்ய மாட்டாய். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். சத்தியம் பண்ணிய கையாலேயே ராத்திரிச் சோறு பிசைந்து சாப்பிட்டேன். சீ.

ஏப்ரல் 5, வெள்ளி

வேறு ஆள் வந்தார். வயதானவர், வெற்றிலை போடுகிறவர். வாசலிலேயே வாய் கொப்பளிக்க வைத்துத்தான் உள்ளே விட்டேன். தானாகவே சொன்னார்: "கலிவரதனா? அவன காரைக்கால் பக்கம் அனுப்பிட்டாங்கம்மா. யாரோ பொம்பள கம்ப்ளைண்ட் குடுத்துட்டாளாம். ஆபீஸ்ல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. நல்ல மனுஷன்."

தராசு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு. பூக்காரம்மா முழம் போட்டுவிட்டு, "வச்சு உடட்டா கண்ணு?" என்றாள். "படத்துக்கு" என்றேன். பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தாள்.

அதே மூன்றாவது இழுப்பறை, பகல் முழுக்க. முசியேவிடம், "நாளைக்கு நாற்பத்தொன்றை இன்னும் ஒரே ஒரு தடவை முகருங்கள், எனக்காக" என்றேன். சத்தியமாவது மண்ணாவது. அவர் ஒரு நாள் சிரித்தால் போதும் எனக்கு.

ஏப்ரல் 10, புதன்

சிரிக்கவில்லை.

முகர்ந்த உடனே நிமிர்ந்தார். இரண்டாவது பட்டை, மூன்றாவது பட்டை. மெல்ல முகம் வாடியது. "பூ இருக்கிறது. ஆள் இல்லை. சாவியும் இல்லை. மார்ச்சில் ஒரு பெண், அப்புறம் ஒன்றுமில்லை, இன்றைக்குப் பூக்கடை. ஒரே பாட்டில்! நாளுக்கு ஒன்று சொல்கிறது இந்த மூக்கு. போதும்."

போதும் என்பதைத் தமிழில் சொன்னார். கிராஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் திரும்பப் போகிறாராம். பாட்டில்களை ஏதாவது காலேஜுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகத்தையும் நானே தீர்த்து வைத்துவிட்டேன். முதலாளிக்குக் கலந்து கொடுத்த கஸ்தோனாவது அந்தக் கிழவரைச் சிரிக்க வைத்தார். எனக்கு அதற்கும் துப்பில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, பாயசம். சம்பந்தம் படத்துக்கு அருள்விழி கதம்பம் வாங்கிப் போட்டாள். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "மார்ச்ல ஒரு நாள் ஒன் டிபன் பாக்ஸ எடுத்துகினு போயிட்டேன்மா. சாம்பார் சோத்துல ஒரே மல்லி வாசம்."

"கோயில் பூ" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியேம்மா." இன்னொரு வடையை எடுத்துக்கொண்டாள். "அன்னிக்கி நீ பாட்டு பாடிகினே பாத்திரம் கழுவுன. அதத்தான் சொல்ல வந்தேன்."

பாடினேனா? எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்று எழுதுவதும் பொய்தான்.

ஏப்ரல் 22, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்து பாட்டில்களைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். மதியம் முசியே பித்தளைத் தராசைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். "இது உனக்கு. நான்கு வருடத்தில் ஒரு சொட்டுகூட நீ தப்பாகப் போட்டதில்லை. என்னிடம் உண்மையாக இருந்த இரண்டு பேர், நீயும் இதுவும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தது. இழுப்பறை, பூ, பட்டை, கொளுத்தியது, அப்புறம் நானே பூ வாங்கி வைத்து ஏமாற்றப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் மூன்றாவது இழுப்பறையை இழுத்து வெளியே எடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்து, மூக்கை மரத்தில் வைத்துத் தேய்த்தார். "அப்படியென்றால் அவள் இருந்தாள்! என் மூக்கு சரி! சரி!" என்று கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"முப்பத்து நான்கு நாள், மதாம். ஐம்பத்தைந்து வருடத்து மூக்கு செத்துவிட்டது என்று முப்பத்து நான்கு நாள் அழுதேன். நீ பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குக் காபி கொடுத்தாய்."

மங்கா இல்லை. வெளியாளைக் கூப்பிடுகிற மாதிரி, மதாம்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். பிரெஞ்சு மறந்துவிட்டது.

"மன்னிப்பு அப்புறம். முதலில் இதைச் சொல். மார்ச் மாதத்துப் பூ யார் கொடுத்தது?"

"நானேதான் வாங்கினேன்."

அத்தனையும் சொன்னவளுக்கு இதைச் சொல்ல வரவில்லை! அவர் தலையை ஆட்டினார்.

"இல்லை. இந்த மாதம் வாங்கியது நீ. பூக்கடையும் பாலித்தீனும் இருந்தது. அன்றைக்கு இருந்தது வேறு. நான் சாவி என்று நினைத்தேனே, அது சாவி இல்லை." தராசின் நடு முள்ளை நோக்கிக் குனிந்து முகர்ந்தார். "இது. இந்த எண்ணெய். நாலு வருடமாக மாதாமாதம் இதைத் தொட்ட கை. இந்த மாதம் வராத கை."

அவருக்கு என் வாய் தேவைப்படவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

முசியே தையல் மெஷின் எண்ணெய் வாங்கி வரச் சொல்லி, மல்லிமேல் ஒரு சொட்டு விட்டு இழுப்பறையில் வைத்துப் பார்த்தார். காலையிலிருந்து மூன்று முறை. மூன்றும் ஆகவில்லை.

"எண்ணெய் கடையில் கிடைக்கும். அதற்கு அடியில் புளி இருக்கிறது, வெல்லம் இருக்கிறது, மஞ்சள், பித்தளை, இருபது வருடத்து மார்க்கெட். அதெல்லாம் ஒரு கையில் இருக்கிறது, எந்தக் கடையிலும் இல்லை. என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் என்னால் எழுத முடியும். எனக்கு அந்தக் கை வேண்டும், மதாம்."

"அவர் காரைக்கால்ல இருக்கார்."

"யார் அனுப்பியது?"

"நான்."

பெட்டியில் கட்டிய பாட்டில்களைத் தானே ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார். கூட வந்து அடுக்கு என்று என்னிடம் சொல்லவில்லை. நானாகப் போய் அடுக்கினேன்.

ஏப்ரல் 24, புதன்

அரிசி ஊறப்போட்டேன். கேஸ் புக் செய்தேன். சாயந்திரம் ஆறு மணிக்கு அவருக்கு போன் செய்தேன். நம்பர் எனக்கு மனப்பாடம் என்பது விரல் போனபோதுதான் தெரிந்தது.

"அலோ."

"நான் மங்கையர்க்கரசி. புதுச்சேரி. தராசு…"

"தெரியுதுங்க."

"கம்ப்ளைண்ட் குடுத்தது நான்தாங்க."

"ஆபீஸ்ல சொன்னாங்க. ரொம்ப பேசறேன்னு போன்ல சொன்னீங்களாமே. அன்னிலேந்து யார்கிட்டயும் அவ்வளவா பேசறதில்லங்க."

செத்துப்போகலாம் போலிருந்தது. ஆபீசுக்கு நானே நேரில் வந்து பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றார். வேண்டும் என்றேன். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன், போகத்தான் போகிறேன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டேன்.

"அடுத்த வெள்ளிக்கிழம இங்க வர முடியுமா? மார்க்கெட்ல ஒரு ரவுண்டு வேல பாத்துட்டு வாங்க. வர்றப்ப ஒரு முழம் மல்லி வாங்கிட்டு வரணும். கை கழுவாம வாங்கணும். கழுவாமதான் கொண்டாரணும்."

பக்கத்து அறையில் அருள்விழி டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

அவர் எதற்கு என்று கேட்கவில்லை. "சாமி படத்துக்குங்களா?" என்று மட்டும் கேட்டார்.

முசியேவுக்கு என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். நாற்பத்திரண்டாவது கலவை அந்தக் கைக்காகத்தான் காத்திருக்கிறது. அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவும் முடியாது.

"இல்லங்க, எனக்கு" என்றேன்.